தொழில்முறை நடன வகுப்பில் டிஜிட்டல் கருவிகள்: மாணவர்களுக்கு ஊக்கம் எப்போது வரும், எப்போது போகும்?

கேள்வி இது: "தொழில்முறை நடனப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். மாணவர்களுக்கு 16 முதல் 19 வயது. சேரும்போது இருந்த வேகம் சில மாதங்களில் குறைந்துவிடுகிறது. வீடியோ, ஆப், சென்சார் என்று டிஜிட்டல் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தால் அவர்களுக்கு ஊக்கம் வருமா? எதில் தொடங்கலாம்?"

வரும். ஆனால் கருவி மாணவர் கையில் இருக்க வேண்டும். எதைப் படம் பிடிப்பது, எப்போது பார்ப்பது, யாருக்குக் காட்டுவது, எதோடு ஒப்பிடுவது என்பதையெல்லாம் மாணவரே முடிவு செய்கிற வகுப்பில் ஒரு சாதாரண செல்போனே போதும். இவை எல்லாவற்றையும் ஆசிரியரோ ஆப்போ முடிவு செய்கிற வகுப்பில், எவ்வளவு செலவு செய்து கருவி வாங்கினாலும் புதுமை தீர்ந்ததும் பழைய கதைதான். சில சமயம் முன்பைவிட மோசமாகவும் ஆகும். ஏன் இப்படிச் சொல்கிறேன், நடைமுறையில் எப்படிச் செய்யலாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், அந்த வேகம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். தொழில்முறை வகுப்புக்கு யாரும் அரைமனதோடு வருவதில்லை. ஆடிஷனில் போட்டி போட்டு, இதுதான் என் வாழ்க்கை என்று முடிவெடுத்து வருகிறார்கள். அவர்களுக்குப் புதிதாக ஆர்வத்தை ஊட்ட வேண்டியதில்லை. இருக்கிற ஆர்வம் கரையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது கரைவதற்குக் காரணங்கள் உண்டு. ஆரம்பத்தில் வாரத்துக்கு ஒரு புது ஸ்டெப் கற்ற பிள்ளை, இப்போது ஒரே தாவலை மாதக்கணக்கில் சீர்படுத்திக்கொண்டிருக்கிறது. முன்னேற்றம் நடக்கிறது, ஆனால் ஆடுகிறவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. தன் பழைய குழுவில் முதல் வரிசையில் நின்றவர், இங்கே தன்னைப் போலவே முதல் வரிசையிலிருந்து வந்தவர்கள் நடுவில் நிற்கிறார். காலையிலிருந்து மாலைவரை யாரோ ஒருவர் சொல்வதைச் செய்து, யாரோ ஒருவரின் திருத்தத்தைக் கேட்டுக்கொண்டே நாள் போகிறது.

மனித ஊக்கம் பற்றி உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வகுத்த கோட்பாடு இந்த நிலைமையை நன்றாகவே விளக்குகிறது. ஒரு வேலையில் மனம் ஒன்றி நிலைக்க மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்கிறார்கள்: என் விருப்பத்தோடு செய்கிறேன் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, இங்கே எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. இதை நடனத்தில் சோதித்தவர்கள் எலினார் குவெஸ்டட், ஜோன் டூடா இருவரும். தொழில்முறை நடனப் பள்ளி மாணவர்களை ஒரு கல்வியாண்டு முழுக்கத் தொடர்ந்து கவனித்து, 2011ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களின் விருப்பத்துக்கு ஆசிரியர் இடம்கொடுக்கிற சூழல் குறையக் குறைய இந்தத் தேவைகளின் நிறைவும் குறைந்து, மனச்சோர்வு கூடுவது தெரிந்தது. ஆகவே எந்தக் கருவியைப் பற்றி யோசித்தாலும் நான் கேட்கும் கேள்வி, இது அந்த மூன்றில் எதைக் கூட்டும், எதைக் குறைக்கும் என்பதுதான்.

வீடியோவிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலான பலன் இங்கேதான் இருக்கிறது. கையில் இருக்கிற செல்போனே போதும்.

ஸ்டூடியோவில் கண்ணாடி இருக்கும்போது வீடியோ எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கண்ணாடி இந்த நொடியை மட்டும்தான் காட்டும், அதுவும் முன்பக்கத்திலிருந்து. அதைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் கழுத்தும் தோளும் மாறி, பார்க்க வந்த கோடே கலைந்துவிடும். ஆடிக்கொண்டே தன்னைத் திருத்திக்கொண்டும் இருப்பதால் கவனம் இரண்டாகப் பிளக்கும். வீடியோவில் முதலில் முழுதாக ஆடலாம், பிறகு முழுதாகப் பார்க்கலாம். பின்பக்கமிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்க்கலாம். எல்லாவற்றையும்விட, மூன்று மாதத்துக்கு முன்பு ஆடியதைப் பார்க்கலாம். கண்ணாடிக்கு நேற்று என்பது கிடையாது.

ஊக்கத்துக்கு மிக உதவுவது இந்தப் பழைய வீடியோதான். பயிற்சி தொடங்கும் வாரத்தில் ஒவ்வொருவரும் ஒரே சின்னப் பகுதியை, பதினாறு கவுண்ட் (தாள எண்ணிக்கை) இருந்தால் போதும், ஆடிப் பதிவு செய்யட்டும். அதே பகுதியை, அதே இடத்தில், அதே கோணத்தில் மாதம் ஒருமுறை திரும்பப் பதிவு செய்யட்டும். மூன்றாம் மாதம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிட்டால், "எனக்கு ஒண்ணும் வரலை" என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்குத் தன் கண்ணே பதில் சொல்லும். ஆசிரியர் நூறு தடவை "நீ முன்னேறியிருக்கிறாய்" என்று சொல்வதை மாணவர் ஆறுதலாகத்தான் எடுத்துக்கொள்வார். திரையில் தெரிவதை அப்படி ஒதுக்க முடியாது. ஒப்பீடு பக்கத்தில் நிற்கிறவரோடு இல்லாமல் தன்னோடேயே நடப்பதும் இதில் பெரிய லாபம்.

இதற்குப் பதிவு ஒரே மாதிரி இருக்க வேண்டும். ட்ரைபாடின் கால்கள் நிற்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். கேமரா இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். கீழே தரையில் வைத்தால் கால்கள் நீண்டு தெரியும், உயரத்தில் வைத்தால் தாவல் தாழ்ந்து தெரியும். பரந்த கோண லென்ஸை விட்டுவிட்டுச் சாதாரண லென்ஸில், தள்ளி நின்று எடுங்கள். பக்கத்தில் வைத்து எடுத்தால் படத்தின் ஓரத்தில் கைகால்கள் இழுபட்டுத் தெரியும். மாணவர் தன் உடம்பைப் பற்றித் தப்பாக முடிவு கட்டுவதற்கு இப்படிப்பட்ட ஒரு லென்ஸ் போதும். அதனால் இது வெறும் தொழில்நுட்ப விஷயம் இல்லை.

அப்புறம் ஸ்லோ மோஷன். வேகமான ஒரு சுற்று முக்கால் நொடிக்குள் முடிந்துவிடலாம். நொடிக்கு 30 ஃபிரேமில் எடுத்தால் அந்தச் சுற்றுக்கு இருபத்துச் சொச்சம் படங்கள்தான் கிடைக்கும். 240 ஃபிரேமில் 180 கிடைக்கும். கால் தரையை விட்ட பிறகு தலை திரும்புகிறதா, முன்பே திரும்பிவிடுகிறதா என்பது இரண்டாவதில்தான் பளிச்சென்று தெரியும். 240 ஃபிரேமில் எடுக்கும்போது செயற்கை விளக்கின் துடிப்பு படத்தில் மினுமினுக்கலாம். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் அந்தத் தொந்தரவு இருக்காது. சுற்றுக்கும் தாவலுக்கும் மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதற்கு 60 ஃபிரேம் தாராளம், செல்போனில் இடமும் மிஞ்சும்.

பார்க்கிற விதத்தைக் கொஞ்சம் நெருக்கத்தில் சொல்கிறேன், ஏனென்றால் பலன் இதில்தான் இருக்கிறது. ஒரு மாணவி இரட்டைச் சுற்றுப் பழகுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் சாய்கிறாள். ஆடி முடித்து மூச்சு வாங்கும்போதே வீடியோவை ஓடவிட வேண்டாம். முதலில் அவளிடம் கேளுங்கள்: "எங்கே தப்புன்னு நினைக்கிறே?" அவள் "கால்ல பலம் பத்தலை" என்கிறாள். இப்போது வீடியோவை நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஓடவிடுங்கள், நீங்கள் எதுவும் சொல்லாமல். முதல் சுற்று முடிகிற இடத்தில் பார்வை முன்புறத்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே வலது தோள் அடுத்த சுற்றுக்குக் கிளம்பிவிட்டது என்பதை அவளே பார்ப்பாள். ஒருவேளை பார்க்காவிட்டால், "தோளையும் கண்ணையும் மட்டும் பார்" என்று ஒரு வார்த்தை போதும். பிறகு அவள் திரும்ப ஆடுவது உங்கள் திருத்தத்தை நிறைவேற்றுவதற்கு இல்லை. தான் கண்டுபிடித்ததைச் சோதித்துப் பார்ப்பதற்கு. அந்த முறை சுற்று சரியாக வந்ததா என்பதுகூட அவ்வளவு முக்கியம் இல்லை. அவள் முகத்தைப் பார்த்தால் தெரியும், பயிற்சி அவளுடையதாகிவிட்டது.

இதற்கு ஒரு எல்லை உண்டு. ஒவ்வொரு முயற்சிக்கும் பின்னூட்டம் கொடுத்தால் பயிற்சியின்போது நன்றாக ஆடுவார்கள், பின்னூட்டம் இல்லாத நாளில் தடுமாறுவார்கள் என்பது இயக்கக் கற்றல் ஆய்வில் பழைய செய்தி. 1990ல் வின்ஸ்டீனும் ஷ்மிட்டும் செய்த சோதனையில், ஏறக்குறையப் பாதி முயற்சிகளுக்கு மட்டும் முடிவு சொல்லப்பட்டவர்கள், எல்லா முயற்சிக்கும் சொல்லப்பட்டவர்களைவிட, பிறகு நடந்த சோதனையில் மேலாகச் செய்தார்கள். மேடையில் வீடியோ கிடையாது. ஆகவே நாலைந்து முறை ஆடி, ஒருமுறை பார்க்கட்டும். எந்த முறை பார்ப்பது என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். 2002ல் சிவியகோவ்ஸ்கியும் காப்ரியேல் வுல்ஃபும் பின்னூட்டம் கேட்கும் நேரத்தைக் கற்பவர்களிடமே விட்டபோது, அவர்கள் பெரும்பாலும் நன்றாக வந்ததாகத் தாங்கள் உணர்ந்த முயற்சிக்குப் பிறகுதான் கேட்டார்கள். ஆசிரியர்களான நமக்கோ தப்பாகப் போனதைப் பார்க்கவைக்கும் பழக்கம். இந்த இடைவெளியை யோசித்துப் பாருங்கள். நன்றாக வந்த முயற்சியைப் பார்த்து "இது எப்படி வந்தது?" என்று கேட்பதிலும் கற்க நிறைய இருக்கிறது. நன்றாக வந்த பகுதிகளை மட்டும் வெட்டி ஒட்டி, தன் சிறந்த ஆட்டத்தைத் தானே பார்க்கவைக்கும் முறையைப் பீட்டர் டௌரிக் என்ற உளவியலாளர் நெடுங்காலம் ஆராய்ந்தார். ஒரு காட்சியை முழுதாகச் சரியாக ஒருமுறைகூட ஆடாத மாணவர், தனித்தனியாகச் சரியாக வந்த துண்டுகளைக் கோத்துப் பார்க்கும்போது, முழு ஆட்டமும் தனக்குள் ஏற்கெனவே இருப்பதைக் காண்கிறார். செல்போனில் இருக்கும் இலவச எடிட்டிங் ஆப்பே இதற்குப் போதும்.

தாமதமாகக் காட்டும் திரையையும் சொல்ல வேண்டும். டேப்லெட்டில் கேமராவை ஓடவிட்டு, இருபது முப்பது நொடி தள்ளிக் காட்டும் ஆப்கள் இருக்கின்றன. ஸ்டூடியோ மூலையில் அதை வைத்துவிட்டால், ஒருவர் குறுக்காக ஆடிப் போய், மறுமுனையில் நின்று திரும்பிப் பார்த்தால், திரையில் தான் ஆடுவது ஓடும். எதையும் அழுத்த வேண்டாம். பார்க்க விருப்பம் இல்லாதவர் பேசாமல் போய்விடலாம். பதிவைச் சேமிக்காத அமைப்பு இருந்தால், தன் படம் யாரிடம் போகுமோ என்ற பயமும் இருக்காது. ஒரே ஒரு கருவிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், இதற்கு ஒரு டேப்லெட் வாங்குங்கள் என்பேன்.

உடம்பு பற்றிய மனவேதனை நடன வகுப்பில் எப்போதும் பக்கத்திலேயே இருக்கும். சிலருக்கு வீடியோவில் தங்களைப் பார்ப்பதே வலி. அவர்களிடம் "பழகிவிடும்" என்று சொல்லித் தள்ளாதீர்கள். பாதங்களை மட்டும் எடுக்கலாம். ஜன்னலுக்கு எதிரே நின்று நிழலுருவமாக எடுக்கலாம். அப்போது முகமும் தோலும் மறைந்து அசைவு மட்டும் தெரியும். பார்க்கும்போது கேள்வியை அசைவின் மேல் வையுங்கள். வுல்ஃபின் ஆய்வுகள் இதற்கும் உதவும்: உடலுறுப்பின் மேல் கவனம் வைப்பதைவிட, அசைவின் விளைவு மேல் கவனம் வைத்தால் ஆட்டம் மேம்படுகிறது என்று பல சோதனைகளில் கண்டிருக்கிறார். "முழங்காலை நீட்டு" என்பதற்குப் பதில் "தரையைத் தள்ளு". வீடியோ பார்க்கும்போதும் "தொடை எப்படி இருக்கிறது" என்று பார்ப்பதற்குப் பதில் "எவ்வளவு இடத்தைக் கடந்தாய், எந்தக் கவுண்டில் இறங்கினாய்" என்று பார்க்கலாம்.

இசைக்கான ஆப்களைப் பற்றிச் சுருக்கமாக. சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கும், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் ஆப்கள் தனியாகப் பயிற்சி செய்பவருக்கு வரப்பிரசாதம். 70 சதவீத வேகத்தில் தொடங்கி, தானே படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போவதில் ஒரு தனித் திருப்தி இருக்கிறது. இன்றைக்கு எங்கே நின்றேன் என்பது எண்ணாகவே தெரியும். ஆனால் தாவலை இப்படிப் பழகச் சொல்லாதீர்கள். 30 சென்டிமீட்டர் எழும்பினால் காற்றில் ஏறக்குறைய அரை நொடிதான் இருக்க முடியும். பாட்டை மெதுவாக்கலாம், புவியீர்ப்பை மெதுவாக்க முடியாது. மெதுவான பாட்டுக்குத் தாவுகிறவர் வேறு ஒரு தாவலைத்தான் பழகுகிறார். கை அசைவு, பாதவேலை, எடையை ஒரு காலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது ஆகியவற்றுக்கு இது பொருத்தம். இன்னொன்று, ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஒலி நொடியில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ பிந்தி வரலாம். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டுக்கு அரை நொடிதான். ஆடும்போது எல்லோருக்கும் ஒரே ஒலி கேட்பதால் தெரியாது; வீடியோ கால் வழியாகச் சேர்ந்து ஆடச் சொன்னாலோ, பதிவுக்குப் பிறகு பாட்டைச் சேர்த்தாலோதான் வம்பு. தாளம் தப்பாத மாணவர் "நான் தாளம் தப்புகிறேன்" என்று நம்பிவிடுவார். கம்பி ஸ்பீக்கர் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, புள்ளிகள், பேட்ஜ்கள், தரவரிசைப் பட்டியல். ஊக்கம் என்றதும் பலருக்கு முதலில் தோன்றுவது இதுதான், நான் மிகவும் தயங்குவதும் இதில்தான். 1973ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த சோதனையில், ஏற்கெனவே விரும்பிப் படம் வரைந்த பிள்ளைகளில் "வரைந்தால் பரிசு" என்று முன்கூட்டிச் சொல்லப்பட்டவர்கள், பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களும் பரிசே பெறாதவர்களும் அப்படிக் குறைக்கவில்லை. 2015ல் ஹேனஸும் ஃபாக்ஸும் கல்லூரி வகுப்புகளை ஒப்பிட்டார்கள்: பேட்ஜும் தரவரிசைப் பட்டியலும் வைத்து நடத்திய வகுப்பில், நாளாக ஆக மாணவர்களின் உள்ளார்ந்த ஊக்கமும் திருப்தியும் குறைந்தன. உங்கள் மாணவர்கள் ஏற்கெனவே விரும்பி வந்தவர்கள். ஏற்கெனவே ஒப்பீட்டால் அடிபட்டுக்கொண்டிருப்பவர்களும்கூட. அவர்களுடைய பெயர்களை இறங்குவரிசையில் சுவரில் காட்டும் ஆப்பால் முதல் மூன்று பேரைத் தவிர யாருக்கு என்ன நன்மை? எண்ணிக்கை வேண்டும் என்றால் அவரவர் பயிற்சிப் பதிவாக, அவரவர் செல்போனில் மட்டும் இருக்கட்டும்.

உடம்பின் அசைவைப் பார்த்துத் தானாக மதிப்பெண் போடும் ஆப்களுக்கும் இதே எச்சரிக்கை. 2009ல் வந்த ஜஸ்ட் டான்ஸ் என்ற வீடியோ விளையாட்டில், கையில் பிடித்திருந்த கருவியின் அசைவைத்தான் இயந்திரம் அளந்தது. சோபாவில் உட்கார்ந்தபடி கையை மட்டும் ஆட்டியும் புள்ளி வாங்கலாம். இன்றைய ஆப்கள் கேமராவில் முழு உடம்பையும் பார்க்கின்றன. ஆனால் எதைப் பார்க்கின்றன? பரவலாகப் பயன்படும் மீடியாபைப் என்ற மென்பொருள் உடம்பில் 33 இடங்களைப் புள்ளிகளாகக் கண்டுபிடிக்கிறது. தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு. நடுவில் ஒன்றும் இல்லை. அதாவது முதுகெலும்பின் வளைவு, விலா விரிவது, மூச்சு, மார்பிலிருந்து தொடங்கும் அசைவு, இவை எதுவும் அதற்குத் தெரியாது. உடம்பு சுற்றும்போது ஒரு பக்கம் மறைவதால் இடது வலது குழம்பும். தொளதொள உடையில் முழங்கால் எங்கே என்று ஊகிக்கும். எடை, அசைவின் தரம், உணர்ச்சி வெளிப்பாடு பற்றி அதனிடம் கேட்கவே முடியாது. இப்படிப்பட்ட இயந்திரம் "72 மதிப்பெண்" என்று சொன்னால் மாணவர் அதை நம்பி, இயந்திரத்துக்குப் பிடித்த மாதிரி ஆடத் தொடங்கிவிடுவார்.

அதற்காக இவற்றைத் தூக்கிப் போட வேண்டும் என்று சொல்லவில்லை. கால் எவ்வளவு உயர்ந்தது, இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா, குழுவில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குகிறார்களா என்பது போன்ற அளக்கக்கூடிய கேள்விகளுக்கு உதவும். எண் எங்கிருந்து வருகிறது என்பதை மாணவர்களுக்குக் காட்டிவிடுங்கள். அந்த 33 புள்ளிகளும் திரையில் தங்கள் உடம்பின் மேல் ஓடுவதைப் பார்த்து, "இதை எப்படி ஏமாற்றலாம்?" என்று அவர்களே சோதித்தால், ஒரு மணி நேரத்தில் இயந்திரத்தின் எல்லையும் தெரியும், தங்கள் கலையில் அளக்க முடியாதது எது என்பதும் தெரியும். இதயத் துடிப்புக் கடிகாரம், அடிகளை எண்ணும் பட்டை போன்றவை களைப்பைக் கவனித்து ஓய்வைத் திட்டமிட உதவலாம். ஊக்கத்துக்கு அவற்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கலோரி காட்டும் பக்கத்தை அணைத்துவிடச் சொல்லுங்கள். இந்தத் தொழிலில் உணவுக் கோளாறு ஒரு நிஜமான ஆபத்து.

இதுவரை சொன்னதெல்லாம் திருத்திக்கொள்வது பற்றி. படைப்பதற்குத் தொழில்நுட்பத்தைக் கொடுத்தால் ஊக்கம் இன்னொரு தளத்துக்குப் போகும். நடன உலகில் இதற்கு நல்ல முன்னோடிகள் உண்டு. அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம் எழுபது வயதை ஒட்டி, மூட்டுவலியால் உடம்பு ஒத்துழைக்காத காலத்தில், கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் உருவான லைஃப்ஃபார்ம்ஸ் என்ற கணினி மென்பொருளில் உருவங்களை அசைத்து நடனம் அமைக்கத் தொடங்கினார். 1991ல் வந்த டிராக்கர்ஸ் என்ற நடனத்தின் ஒரு பகுதி அப்படி உருவானது. உடம்பு பழக்கத்தில் போகாத வழிகளைத் திரை அவருக்குக் காட்டியது. இன்னொரு நடன அமைப்பாளர் வில்லியம் ஃபோர்சைத் தன் குழுவில் புதிதாகச் சேரும் நடனக் கலைஞர்களுக்குச் சொல்லித்தரவே 1990களில் ஒரு டிஜிட்டல் பாடத்தொகுப்பை உருவாக்கினார்; 1999ல் அது சிடி-ராமாகப் பொதுவில் வெளியானது. அதில் அவர் ஆடும்போது அவருடைய கை வரைகிற கோடுகளும் வளைவுகளும் வெள்ளைக் கோடாகக் காற்றில் தெரியும். பார்க்கிறவருக்கு "இதை அப்படியே செய்" என்ற கட்டளை அதில் இல்லை. ஒரு கோட்டை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்யலாம் என்ற அழைப்பு இருக்கிறது.

உங்கள் மாணவர்களால் இதைச் செல்போனிலேயே செய்ய முடியும். ஆடிய வீடியோவின் மேல், விரல் நுனி போன பாதையை விரலாலேயே வரையட்டும். அந்தக் கோட்டை எடுத்து இன்னொருவர் காலால் ஆடட்டும். ஒரு நிமிட நடனப் படம் ஒன்றை இருவர் சேர்ந்து எடுக்கட்டும்: கேமரா ஆடுகிறவரோடு நகர்ந்தால் என்ன ஆகிறது, அசையாமல் நின்றால் என்ன ஆகிறது, ஒரு தாவலை நடுவில் வெட்டினால் என்ன ஆகிறது. வகுப்பில் எப்போதும் பின்வரிசையில் நிற்கும் மாணவர் எடிட்டிங்கில் முன்னுக்கு வருவது சகஜம். மற்றவர்கள் அவரிடம் வந்து கேட்பார்கள். டெசியும் ரயனும் சொன்ன மூன்றாவது தேவை, இங்கே எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்பது, இப்படித்தான் பெரும்பாலும் நிறைவேறுகிறது.

தொழில் என்ற பார்வையிலும் இது வீண் இல்லை. இன்று பல நிறுவனங்களும் போட்டிகளும் முதல் சுற்றை வீடியோவில்தான் பார்க்கின்றன. இளம் பாலே கலைஞர்களுக்கான புகழ்பெற்ற பிரி த லொசான் போட்டி, பெருந்தொற்றுக் காலத்தில், 2021ல், போட்டியாளர்களின் வீடியோக்களை வைத்தே நடந்தது. வெட்டு இல்லாமல், முழு உடம்பும் தெரிய, சுத்தமான பின்னணியில், இசையோடு பிசகாமல் ஒரு ஆடிஷன் வீடியோ எடுப்பது ஒரு தொழில்திறன். இதைப் பாடமாகவே வைக்கலாம். இன்று கற்பது நாளை சம்பாதிக்க உதவும் என்பது நேராகத் தெரியும்போது ஆர்வம் தானாக வரும். ஆனால் எடுப்பது மூன்று முறைக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வையுங்கள். வரம்பு இல்லாவிட்டால் நாற்பது முறை எடுத்து, களைத்து, முதலில் எடுத்ததே நன்றாக இருந்தது என்று அழுகிற மாணவர்கள் உண்டு.

பொதுச் சமூக ஊடகத்தில் போடுவதை வகுப்பின் பகுதியாக ஆக்காதீர்கள். அங்கே லைக்குகளை முடிவு செய்வது ஆட்டத்தின் தரம் இல்லை, மாணவருக்கோ அது தெரிந்தும் வலிக்கும். விருப்பம் இருப்பவர் தன் சொந்த முடிவாகப் போடட்டும். வகுப்புக்குள் பகிர்வதற்கு மூடிய குழு ஒன்று போதும், அதில் ஒரே ஒரு விதி: வீடியோ போடுகிறவர் ஒரு கேள்வியோடு போட வேண்டும், பதில் சொல்கிறவர் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். "கடைசி நாலு கவுண்டில் என் பார்வை எங்கே போகிறது?" என்று கேட்டவரிடம் அவருடைய பாதத்தைப் பற்றிப் பேசக் கூடாது.

அனுமதி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்குப் பெற்றோர் எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும், மாணவரும் தனியாகச் சம்மதிக்க வேண்டும். ஆசிரியரின் சொந்த செல்போனில் மாணவர்களின் வீடியோ இருக்கவே கூடாது. மாணவரின் செல்போனிலோ நிறுவனத்தின் கருவியிலோ மட்டும் இருக்கட்டும். யார் பார்க்கலாம், எப்போது அழிக்கப்படும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். படம் வேண்டாம் என்கிற மாணவரிடம் காரணம் கேட்காதீர்கள். அவருக்குக் கவனித்து எழுதும் வேலையையோ, தாமதத் திரையையோ கொடுக்கலாம். இதைச் சடங்காகச் செய்யாமல் மனதாரச் செய்தால்தான் மற்றதெல்லாம் நடக்கும். தன் படம் எங்கே போகும் என்று தெரியாத பிள்ளை கேமரா முன் துணிந்து தப்பு செய்யாது, தப்பு செய்யாமல் கற்கவும் முடியாது.

எதில் தொடங்கலாம் என்று கேட்டீர்கள். முதல் மாதம் அந்தப் பதினாறு கவுண்ட் பதிவும், ட்ரைபாடும், டேப் ஒட்டிய தரையும் மட்டும் போதும். வாரத்துக்கு ஒரு வகுப்பில் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள், எல்லா வகுப்பிலும் வேண்டாம். கேமரா இல்லாத நாட்களும் அவர்களுக்குத் தேவை. இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் எடுக்க ஒருவர் ஆட, ஆடுகிறவரே எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லட்டும். இது பழகியபின் தாமதத் திரையைக் கொண்டுவாருங்கள். இரண்டாம் பருவத்தில் ஒரு நிமிட நடனப் படம், மூன்றாம் பருவத்தில் ஆடிஷன் வீடியோ. உடம்பின் அசைவை அளக்கும் ஆப்பை ஒரு நாள் சோதனைக்கு வையுங்கள், பிறகு யாராவது கேட்டால் எடுங்கள்.

பலன் தருகிறதா என்று பார்க்கக் கேள்வித்தாள் எதுவும் கொடுக்க வேண்டாம். வகுப்பு முடிந்த பிறகு யாராவது தங்கி, தானாக ட்ரைபாடை நிறுத்துகிறார்களா, உங்களிடம் "சரியா இருக்கா?" என்று கேட்பதற்குப் பதில் "இறங்குறப்ப எடை பின்னாடி போகுது, என்ன பண்ணலாம்?" என்று கேட்கிறார்களா என்று கவனியுங்கள். இரண்டும் இல்லையென்றால் புதிய கருவி தேட வேண்டாம். எடுப்பது, பார்ப்பது, காட்டுவது ஆகியவற்றில் எந்த முடிவு இன்னும் உங்கள் கையிலேயே இருக்கிறது என்று பார்த்து, அதை அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள்.